கடைசிப் பதின்மூன்று ஆண்டுகள்: ஹாங்காங் சட்டசபை, அன்றும் இன்றும்

ஹாங்காங்கின் மையப் பகுதியில், வங்கிக் கோபுரங்களுக்கு நடுவே, கல் தூண்களும் குவிமாடமும் கொண்ட பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. 1912இல் உச்ச நீதிமன்றமாகத் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்குள் 1985இல் சட்டசபை குடிபுகுந்தது. தேர்தல் வழியாக உறுப்பினர்கள் முதன்முறையாக அந்தச் சபைக்குள் நுழைந்ததும் அதே ஆண்டில்தான். 2011இல் சபை அங்கிருந்து கிளம்பி, ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்த டமார் பகுதியில் எழும்பிய புதுக் கட்டடத்துக்குப் போனது. பழைய கட்டடம் மறுபடியும் நீதிமன்றமாகிவிட்டது.

இந்த இரண்டு கட்டடங்களுக்கும் இடையில் நடந்தது வெறும் இடமாற்றம் அல்ல. தன் காலனியை இன்னொரு நாட்டிடம் ஒப்படைக்கப்போகும் ஒரு பேரரசு, கிளம்புவதற்கு முன்னால் அங்கே மக்களாட்சியைக் கட்டி முடித்துவிட முயன்ற கதை அது. 1984இல் தொடங்கி 1997 ஜூன் 30 நள்ளிரவில் முடிந்த பதின்மூன்று ஆண்டு வேலை. அந்த வேலையில் எது நிலைத்தது, எது சரிந்தது, ஏன் சரிந்தது என்பதை அன்றையும் இன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

ஆளுநரின் காலம்

1842 நாங்கிங் உடன்படிக்கையில் ஹாங்காங் தீவு பிரிட்டன் வசம் வந்தது. 1860இல் கௌலூன் சேர்ந்தது. 1898இல் புதிய பிரதேசங்கள் எனப்படும் பெரும்பகுதி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. முதல் இரண்டும் நிரந்தரமாகக் கிடைத்தவை. மூன்றாவதற்கு மட்டும்தான் தேதி இருந்தது. ஆனால் நிலத்தில் பெரும்பங்கு அந்த மூன்றாவதில் அடங்கியதால், 1997 என்ற ஆண்டு மொத்த ஹாங்காங்குக்கும் முடிவு தேதியானது.

அந்தக் காலனியில் ஆளுநர்தான் அரசு. லண்டன் அவரை அனுப்பும். சட்டசபைக்குத் தலைமை தாங்குவதும் அவரே, அதில் யார் உட்காரவேண்டும் என்று முடிவு செய்வதும் அவரே. அதிகாரிகள் பாதி, அவர் தேர்ந்த வணிகர்களும் வழக்கறிஞர்களும் சமூகப் பெரியவர்களும் மீதி. வாக்குச்சீட்டுக்கு இடம் இருந்த ஒரே அமைப்பு நகர மன்றம். அது கவனித்துக்கொண்டதோ குப்பை, சந்தை, பூங்கா போன்றவற்றை. அந்தச் சிறிய அமைப்பிலும் வாக்களிக்கும் தகுதி மிகச் சிலருக்குத்தான்.

இதே பிரிட்டன், இதே காலனி அலுவலகம், 1931இல் இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் சர்வஜன வாக்குரிமையைக் கொடுத்தது. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரையால் வந்த மாற்றம் அது. 1959இல் சிங்கப்பூர் உள்நாட்டுத் தன்னாட்சி பெற்றது. ஹாங்காங்கின் சட்டசபைக்கு மக்கள் நேரடியாக வாக்களித்து ஓர் உறுப்பினரை அனுப்ப 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கைக்கும் ஹாங்காங்குக்கும் நடுவே அறுபது ஆண்டு இடைவெளி. இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை எல்லாம் விளங்கும்.

நழுவிய முதல் வாய்ப்பு

வாய்ப்பே வரவில்லை என்று சொல்ல முடியாது. 1941 கிறிஸ்துமஸ் நாளில் ஜப்பானியப் படையிடம் சரணடைந்த ஆளுநர் மார்க் யங், போர் முழுவதும் சிறையில் கழித்துவிட்டு 1946 மே மாதம் மீண்டும் பதவிக்குத் திரும்பினார். தோற்று ஓடிய பேரரசு பழையபடி அதிகாரம் செய்ய முடியாது என்பதை அனுபவத்தால் அறிந்தவர். ஹாங்காங் மக்கள் இந்த ஊரைத் தங்கள் ஊராக உணர வேண்டுமானால் ஆட்சியில் அவர்களுக்குப் பங்கு வேண்டும் என்று நினைத்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு திட்டத்தை மக்கள் முன் வைத்தார். முப்பது பேர் கொண்ட நகராட்சி மன்றம். அதில் மூன்றில் இரண்டு பங்கினர் தேர்தலில் வருவார்கள். சீனர்களும் சீனரல்லாதவர்களும் சரிபாதி. இன்றைய கண்ணுக்கு அது எளிய திட்டம். அன்று அது பெரிய தாவல்.

1947இல் யங் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த அலெக்சாண்டர் கிரந்தமுக்கு அந்தத் திட்டத்தில் நம்பிக்கை இல்லை. 1949இல் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. எல்லை தாண்டி அகதிகள் லட்சக்கணக்கில் குவிந்தார்கள். கொரியப் போர் மூண்டது. ஊரின் பெரும் வணிகர்களுக்கும் மாற்றம் வேண்டியிருக்கவில்லை. 1952 அக்டோபரில், பெரிய அரசியலமைப்பு மாற்றத்துக்கு இது நேரமல்ல என்று லண்டன் அறிவித்துக் கோப்பை மூடியது.

மூடியதற்குக் காரணம் பிரிட்டனின் சோம்பல் மட்டும் அல்ல. 1958இல் சீனப் பிரதமர் சூ என்லாய், ஹாங்காங்குக்குத் தன்னாட்சி கொடுக்கும் முயற்சியை நட்புக்கு விரோதமான செயலாகக் கருதுவோம் என்று ஒரு பிரிட்டிஷ் விருந்தினர் வழியாக லண்டனுக்குச் சொல்லி அனுப்பினார். தன்னாட்சி பெற்ற காலனிகள் அடுத்த படியில் சுதந்திரம் கேட்கும் என்பது பெய்ஜிங்குக்குத் தெரியும். 1972இல் ஐ.நா.வின் காலனிகள் பட்டியலிலிருந்தே ஹாங்காங்கையும் மக்காவையும் நீக்கவைத்தது சீனா. அந்தப் பட்டியலில் இருந்தால் சுயநிர்ணய உரிமை கோரலாம். இல்லாவிட்டால் அந்த வாசல் அடைபட்டது. இரு வல்லரசுகளின் மௌன உடன்பாட்டில் ஹாங்காங் மக்களின் அரசியல் உரிமை நாற்பது ஆண்டுகள் தூங்கியது.

1966இலும் 1967இலும் தெருவில் கலவரம் வெடித்தபோது அரசு மாறத்தான் செய்தது. மெக்லஹோஸ் ஆளுநராக இருந்த எழுபதுகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகின; 1974இல் ஊழல் ஒழிப்பு ஆணையம் பிறந்தது; அதே ஆண்டில் சீன மொழி ஆட்சிமொழிகளில் ஒன்றானது. நல்ல நிர்வாகம் கிடைத்தது. வாக்கு கிடைக்கவில்லை. நல்ல நிர்வாகம் இருந்தால் வாக்கு எதற்கு என்ற எண்ணம் அரசு அலுவலகங்களில் வேரூன்றியது அப்போதுதான். அந்த எண்ணம் ஆளுநர்களோடு போய்விடவில்லை.

குத்தகை முடியும் காலத்தில்

1979 மார்ச்சில் மெக்லஹோஸ் பெய்ஜிங் சென்று குத்தகைப் பேச்சை எடுத்தார். முதலீட்டாளர்கள் மனநிம்மதியோடு இருக்கட்டும் என்றார் டெங் சியாவோபிங். குத்தகையை நீட்டிப்பதாகச் சொல்லவில்லை. 1982 செப்டம்பரில் மார்கரெட் தாட்சர் நேரில் போனார். இறையாண்மையில் பேரம் இல்லை என்று டெங் தெளிவாகச் சொல்லிவிட்டார். இரண்டு ஆண்டுப் பேச்சுக்குப்பின் 1984 டிசம்பர் 19 அன்று தாட்சரும் சீனப் பிரதமர் சாவ் சியாங்கும் 1997இல் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைப்பதற்கான கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் ஹாங்காங் மக்களுக்கென்று தனி நாற்காலி கிடையாது. முடிந்த ஒப்பந்தத்தை ஏற்பதா, இல்லை ஒப்பந்தமே இல்லாமல் போவதா என்ற கேள்விதான் அவர்கள் முன் வைக்கப்பட்டது.

ஒப்பந்தம் தயாராகிக்கொண்டிருந்த அதே 1984 ஜூலையில் ஹாங்காங் அரசு ஒரு பச்சை அறிக்கையை வெளியிட்டது. நவம்பரில் அது வெள்ளை அறிக்கையானது. ஹாங்காங்கிலேயே வேர்கொண்ட, அதன் மக்களுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆட்சிமுறையைப் படிப்படியாக வளர்ப்பது அதன் இலக்கு. அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்கான திட்டமிடல் முறையாகத் தொடங்கியது இங்கேதான். கையில் இருந்ததோ பதின்மூன்று ஆண்டுகள். குத்தகை முடியப்போகும் நிலத்தில் தென்னங்கன்று நடும் வேலை அது. நடுபவருக்குக் காய் பறிக்கும் காலம் கிடைக்காது. அடுத்து வருபவர் தண்ணீர் ஊற்றுவார் என்ற உறுதியும் கிடையாது.

திட்டமிட்டவர்கள் எச்சரிக்கையானவர்கள். நேரடித் தேர்தலை உடனே வைத்தால் பெய்ஜிங் சினம் கொள்ளும், முதலாளிகள் மிரளுவார்கள் என்று கருதினார்கள். அதனால் இரண்டு நடுவழிகளைக் கண்டார்கள். ஒன்று, தொழில்வாரித் தொகுதி: வணிகச் சங்கங்கள், வங்கிகள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள், தொழிற்சங்கங்கள் என ஒவ்வொரு துறையும் தனக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும். மற்றொன்று, தேர்வாளர் கல்லூரி: 1982இல் தொடங்கிய வட்டார வாரியங்கள், நகர மன்றம் போன்றவற்றின் உறுப்பினர்கள் கூடிச் சிலரைச் சட்டசபைக்கு அனுப்புவார்கள். 1985 செப்டம்பர் 26 தேர்தலில் இந்த இரு வழிகளிலும் பன்னிரண்டு பன்னிரண்டாக 24 பேர், ஆளுநரையும் சேர்த்து 57 பேர் கொண்ட சபைக்குள் வந்தார்கள். மார்ட்டின் லீ வழக்கறிஞர் தொகுதியிலிருந்தும், சேடோ வா ஆசிரியர் தொகுதியிலிருந்தும் வந்தவர்கள்.

இந்த இரண்டும் இடைக்கால ஏற்பாடு என்றே அன்று பலர் நம்பினார்கள். அடுத்த படி நேரடித் தேர்தல், அதற்கடுத்து முழு மக்களாட்சி என்று கணக்கிட்டார்கள். அந்த நடுவழிகள்தான் பின்னாளில் ஊரையே நிர்வகிக்கும் வழிகளாக மாறும் என்று யாரும் அன்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

எண்ணப்பட்ட விதம்

1988இல் நேரடித் தேர்தல் வேண்டுமா என்று 1987இல் மக்களிடம் கருத்துக் கேட்டது அரசு. 1,30,000க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. தேர்தல் கேட்டுக் கையெழுத்து இயக்கங்கள் நடந்தன. 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தம் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் கருத்தைத் தொகுத்த அலுவலகம் ஒரு காரியம் செய்தது. தேர்தலை எதிர்த்து ஒரே வாசகத்தில் அச்சடித்து வந்த கடிதங்களை ஒவ்வொன்றாக எண்ணியது. ஆதரித்து வந்த கையெழுத்துகளைத் தனியே ஒதுக்கி வைத்தது. 1988 பிப்ரவரியில் வந்த வெள்ளை அறிக்கை, ஊரில் கருத்து பிளவுபட்டிருக்கிறது என்று சொல்லி நேரடித் தேர்தலை 1991க்குத் தள்ளியது.

இந்தக் கதையில் என்னை அதிகம் வருத்துவது இந்த அத்தியாயம்தான். 1985 நவம்பரிலேயே ஹாங்காங்கில் இருந்த சீனப் பிரதிநிதி சூ ஜியாதுன், பிரிட்டன் ஒப்பந்தத்தின்படி நடக்கவில்லை என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டியிருந்தார். 1997க்குப் பிந்தைய ஹாங்காங்குக்காகச் சீனா எழுதவிருக்கும் அடிப்படைச் சட்டத்தோடு பொருந்தும்படியே எல்லாம் நடக்க வேண்டும் என்ற புரிதல் இரு தலைநகரங்களுக்கும் இடையே உருவாகிவிட்டது. மக்களிடம் கேள்வி கேட்கும்போதே விடை முடிவாகியிருந்தது. மூன்று ஆண்டுகள் வீணாகின. அப்போது அவர்களிடம் மிச்சமிருந்ததே ஒன்பது ஆண்டுகள்தான்.

அடிப்படைச் சட்டத்தை எழுத 1985இல் பெய்ஜிங் அமைத்த குழுவில் 59 பேர். ஹாங்காங்கிலிருந்து 23 பேர். மார்ட்டின் லீயும் சேடோ வாவும் அதில் இருந்தார்கள். 1989 மே மாதம் பெய்ஜிங் மாணவர்களுக்கு ஆதரவாகப் பத்து லட்சம் பேர் ஹாங்காங் தெருக்களில் நடந்தார்கள். தியானன்மென் ஒடுக்குமுறை நடந்த ஜூன் 4க்குப் பிறகு அந்த இருவருக்கும் குழுவில் இடமில்லாமல் போனது. 1990 ஏப்ரல் 4 அன்று அடிப்படைச் சட்டம் நிறைவேறியது. அதன் 45ஆம் பிரிவும் 68ஆம் பிரிவும், ஆளுநரின் இடத்துக்கு வரும் தலைமை நிர்வாகியும் சட்டசபையும் சர்வஜன வாக்குரிமையால் தேர்ந்தெடுக்கப்படுவதே இறுதி இலக்கு என்கின்றன. எப்போது என்று சொல்லவில்லை. யார் வேட்பாளர் ஆகலாம் என்பதையும் முழுதாகச் சொல்லவில்லை. கூட்டுப் பிரகடனத்திலும் சட்டசபை தேர்தலால் அமையும் என்று மட்டுமே இருந்தது. எத்தகைய தேர்தல் என்பது இல்லை.

பேட்டனின் ஐந்தாண்டு

1991 செப்டம்பரில் 18 இடங்களுக்கு முதல் நேரடித் தேர்தல் நடந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றை மக்களாட்சி அணியினர் அள்ளிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் கடைசி ஆளுநர் வந்தார். கிறிஸ் பேட்டன் தொழில்முறை அதிகாரி அல்லர், அரசியல்வாதி. அந்த ஏப்ரலில் தன் நாடாளுமன்றத் தொகுதியை இழந்திருந்தவர்.

அவர் அடிப்படைச் சட்டத்தை உடைக்கவில்லை. அதில் எழுதாமல் விடப்பட்ட இடங்களில் எழுதினார். 1995 சபையில் 20 நேரடி இடங்கள், 30 தொழில்வாரி இடங்கள், தேர்தல் குழுவின் வழியே 10 இடங்கள் என்ற கணக்கை மாற்றவில்லை. ஆனால் புதிதாக வரும் ஒன்பது தொழில்வாரித் தொகுதிகளை, உழைக்கும் சுமார் 27 லட்சம் மக்களுக்கும் திறந்துவிடப் பரிந்துரைத்தார். தேர்தல் குழுவை மக்கள் தேர்ந்தெடுத்த வட்டார வாரிய உறுப்பினர்களைக் கொண்டு நிரப்பினார். வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தார். வாரியங்களில் நியமன உறுப்பினர் முறையை ஒழித்தார்.

பெய்ஜிங் கொதித்தது. ஹாங்காங் விவகாரங்களைக் கவனித்த சீன அதிகாரி லூ பிங், பேட்டனைக் காலகாலத்துக்கும் பாவி என்று சாடினார். 1993இல் 17 சுற்றுப் பேச்சுகள் நடந்து முறிந்தன. 1994 ஜூன் இறுதியில் விடிய விடிய நடந்த விவாதத்தில், திட்டத்தைச் சுருக்கக் கொண்டுவந்த திருத்தம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. அறுபது இடங்களையும் நேரடித் தேர்தலுக்கு விடக் கோரிய எமிலி லாவின் மசோதாவும் ஒரே வாக்கில்தான் தோற்றது. 1995 செப்டம்பர் 17 அன்று, நியமன உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத சட்டசபையை ஹாங்காங் முதன்முறையாகத் தேர்ந்தெடுத்தது. 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள்.

அந்தச் சபை 1997ஐத் தாண்டிப் பயணிக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. சீனா அதை ரத்து செய்தது. 400 பேர் கொண்ட குழுவை வைத்து 1996 டிசம்பரில் ஒரு தற்காலிகச் சட்டசபையைத் தேர்ந்தெடுத்தது. அது ஆட்சி மாறும்வரை எல்லைக்கு அப்பால் ஷென்செனில் கூடியது. 1997 ஜூன் 30 நள்ளிரவு தாண்டியதும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியிழந்தார்கள். மார்ட்டின் லீயும் தோழர்களும் சட்டசபைக் கட்டடத்தின் மாடத்தில் நின்று, திரும்பி வருவோம் என்ற உறுதியோடு கீழே கூடியிருந்தவர்களிடம் பேசினார்கள். 1998இல் தேர்தலில் நின்று திரும்பியும் வந்தார்கள். ஆனால் தொழில்வாரித் தொகுதிகளில் பேட்டன் திறந்த கதவுகள் அதற்குள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேல் இருந்த வாக்காளர்கள் சுமார் 1.4 லட்சமாகச் சுருங்கியிருந்தார்கள்.

இன்று

ஆட்சி மாறிய உடனே எல்லாம் மூழ்கிவிட்டது என்று சொல்வது நியாயமல்ல. நேரடி இடங்கள் 2000இல் 24 ஆயின, 2004இல் 60க்கு 30 ஆயின, 2012இல் 70க்கு 35 ஆயின. 2003 ஜூலை 1 அன்று ஐந்து லட்சம் பேர் தெருவில் இறங்கியதும் தேசப் பாதுகாப்பு மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2017இல் தலைமை நிர்வாகியை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்று 2007இல் பெய்ஜிங் அறிவித்தது. நாளிதழ்கள் கடுமையாக எழுதின. நீதிமன்றங்கள் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. அந்த இருபது ஆண்டுகள் பொய்யல்ல.

ஆனால் 2014 ஆகஸ்ட் 31 அன்று முடிவு வந்தது: இரண்டு அல்லது மூன்று வேட்பாளர்கள் மட்டுமே நிற்கலாம், ஒவ்வொருவருக்கும் நியமனக் குழுவில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். மக்கள் வாக்களிக்கலாம், வடிகட்டியவர்களுக்கு மட்டும். குடைகளோடு இளைஞர்கள் 79 நாள் தெருவை விட்டு அகலவில்லை. 2015இல் சட்டசபை அந்தத் திட்டத்தை 28க்கு 8 என்று நிராகரித்தது. 2019இல் நாடுகடத்தல் மசோதாவை எதிர்த்து ஊரே எழுந்தது. ஜூலை 1 அன்று டமார் சட்டசபைக் கட்டடத்தின் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு போராட்டக்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். அந்த நவம்பரில் வட்டார சபைத் தேர்தலில் 71 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 18 சபைகளில் 17 மக்களாட்சி அணியின் கைக்கு வந்தன.

2020 ஜூன் 30 இரவு தேசியப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2021 மார்ச்சில் தேர்தல் முறை திருத்தி எழுதப்பட்டது. சட்டசபை 90 இடங்களாகப் பெரிதானது. நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் 20 ஆகக் குறைந்தார்கள். 1995 சபையிலும் நேரடி இடங்கள் 20தான். அன்று அது மூன்றில் ஒரு பங்கு. இன்று ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதல். வேட்பாளர் ஒவ்வொருவரும் ஒரு தகுதிச் சரிபார்ப்புக் குழுவைத் தாண்டி வர வேண்டும். புதிய முறையின் முதல் தேர்தல் 2021 டிசம்பர் 19 அன்று நடந்தது. கூட்டுப் பிரகடனம் கையெழுத்தாகி அன்றோடு 37 ஆண்டுகள். வாக்களித்தவர்கள் 30 சதவீதம். 2022இல் ஒரே வேட்பாளராக நின்ற ஜான் லீ, 1,416 வாக்குகளோடு தலைமை நிர்வாகியானார். 2023இல் வட்டார சபைகளின் 470 இடங்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவை 88. 1982இல் வட்டார வாரியங்களோடு தொடங்கிய அடித்தளமே கரைந்துவிட்டது.

பழைய கருவி, புதிய கை

அன்றையும் இன்றையும் ஒப்பிடும்போது எது மாறியது என்பதைவிட எது மாறவில்லை என்பதே என் கவனத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

இன்றைய 90 இடங்களில் 40ஐத் தேர்தல் குழு நிரப்புகிறது. 1985இன் தேர்வாளர் கல்லூரி இன்னொரு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. 30 இடங்கள் தொழில்வாரித் தொகுதிகளுடையவை. 1984இல் லண்டனும் ஹாங்காங் அரசும் இடைக்காலப் படியாக வைத்த ஏற்பாடு, நாற்பது ஆண்டு கடந்தும் அசையாமல் நிற்கிறது. நிர்வாகமே முதன்மை, சபை அதற்குத் துணை என்ற அமைப்பு ஆளுநர்களிடமிருந்து நேராக இறங்கி வந்தது.

சட்டப் புத்தகமும் அப்படியே. காலனி ஆட்சி எழுதிய ராஜத்துரோகச் சட்டத்தை அந்த ஆட்சி முடியும்வரை யாரும் முழுதாக அழிக்கவில்லை. பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்த அந்தச் சட்டம் 2020க்குப் பிறகு வெளியே எடுக்கப்பட்டது. ஆடுகளையும் ஓநாய்களையும் பற்றிக் குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் வெளியிட்ட பேச்சுச் சிகிச்சையாளர்கள் ஐவர் 2022இல் அந்தச் சட்டத்தின்கீழ் 19 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள்.

மனிதர்களும் நம் கண்முன்னே இருக்கிறார்கள். அடிப்படைச் சட்டத்தை எழுதும் மேசையில் உட்கார்ந்த மார்ட்டின் லீ, 2019இல் நடந்த அனுமதியற்ற பேரணி தொடர்பாக 2021இல் குற்றவாளியென்று தீர்ப்பளிக்கப்பட்டார்; 11 மாதச் சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. சட்டசபைத் தேர்தலுக்கு வேட்பாளர்களைத் தேர 2020 ஜூலையில் மக்களாட்சி அணி நடத்திய உட்தேர்தலில் 6 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். அதை ஒழுங்கு செய்தவர்களிலும் நின்றவர்களிலும் 45 பேருக்கு 2024 நவம்பரில் நான்கிலிருந்து பத்து ஆண்டுவரை சிறை விதிக்கப்பட்டது. சட்டப் பேராசிரியர் பென்னி டாய்க்குப் பத்து ஆண்டு. 1995 தேர்தலில் மிகப் பெரிய கட்சியாக வந்த ஜனநாயகக் கட்சியைக் கலைத்துவிட அதன் உறுப்பினர்கள் 2025 டிசம்பரில் வாக்களித்தார்கள்.

பெய்ஜிங்குக்கு ஒரு வாதம் உண்டு, அதைக் கேட்காமல் கடந்துபோகக் கூடாது. நூற்றைம்பது ஆண்டு வாக்குரிமை கொடுக்காத பிரிட்டன், கிளம்பும்போது மட்டும் மக்களாட்சி பேசியது ஏன் என்று அது கேட்கிறது. கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் தாமதத்துக்குப் பெய்ஜிங்கின் மிரட்டலும் ஒரு காரணம் என்பது மறு பாதி. எப்படிப் பார்த்தாலும், தாமதம் செய்தவர்களின் குற்றத்துக்கான தண்டனை, வாக்குக் கேட்டு நின்ற மக்கள்மேல் விழுவது எந்த நீதியிலும் சேராது.

திட்டம் போடுகிறவர்களுக்கு

ஹாங்காங்கைப் படித்தபின் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான். ஆட்சி மாறும் தேதி குறித்தபின் அரசியலமைப்பைத் திட்டமிடத் தொடங்குவது, ஏற்கெனவே தாமதித்துத் தொடங்குவதாகும். வாக்குரிமை காகிதத்தில் இருந்தால் போதாது. அதைச் செலுத்திப் பழகிய தலைமுறைகள் வேண்டும். 1946இல் யங்கின் திட்டம் நடந்திருந்தால் 1997இல் ஹாங்காங்கில் தேர்தலில் பழகிய இரண்டு தலைமுறைகள் இருந்திருக்கும். கையில் இருந்ததோ சட்டசபைக்கான ஆறு ஆண்டு நேரடி வாக்கு. அந்த ஆறு ஆண்டு அனுபவத்தையே வைத்துக்கொண்டு அவர்கள் 2020வரை தாக்குப்பிடித்தார்கள் என்பது அவர்களுடைய பெருமை.

இரண்டாவது, இடைக்கால ஏற்பாடு என்று ஒன்று கிடையாது. முடிவு தேதி எழுதாத எந்தத் தற்காலிக அமைப்பும், அதனால் ஆதாயம் அடைபவர்களின் கையில் நிரந்தரமாகிவிடும். இறுதி இலக்கு என்று எழுதிவிட்டு ஆண்டை எழுதாத 45ஆம் பிரிவும் 68ஆம் பிரிவும் இன்றும் அடிப்படைச் சட்டத்தில் ஓர் எழுத்து மாறாமல் இருக்கின்றன. அவற்றை நிறைவேற்றக் கேட்பதற்குத்தான் இன்று ஆளில்லை.

மூன்றாவது, அடுத்த ஆட்சியாளர் தவறாகப் பயன்படுத்தக்கூடிய சட்டம் எதையும் விட்டுச்செல்லக் கூடாது. அவர் நல்லவராக இருப்பார் என்ற நம்பிக்கை அரசியலமைப்பு ஆகாது.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முதலாக வைக்க வேண்டியது: யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்கள் அந்த மேசையில் இருக்க வேண்டும். 1984இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள். மூன்றாவது தரப்பாக ஹாங்காங் மக்கள் இல்லை. அதனால்தான் ஒப்பந்தம் மீறப்பட்டதாக ஒரு தரப்பு சொல்லும்போதும், அது முடிந்துபோன வரலாற்று ஆவணம் என்று மறு தரப்பு சொல்லும்போதும், வழக்காட உரிமையுள்ளவர்களாக அந்த மக்கள் எங்குமே நிற்க முடியவில்லை. எதிர்காலத்தில் உலகின் எந்த மூலையில் ஒரு நிலம் ஒரு கொடியிலிருந்து இன்னொரு கொடிக்கு மாறுவதானாலும், அங்கே வாழ்கிறவர்களின் கையெழுத்து இல்லாத ஆவணத்தை முழுமையான ஒப்பந்தமாக ஏற்கக் கூடாது. எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் விலை கொடுத்து நமக்குக் கற்றுத்தந்திருக்கும் பாடம் இது.